காரைக்குடிக்குச் சக்கர நாற்காலியோடு போகிறீர்களா?

செட்டிநாட்டு வீட்டில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். தங்கும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, "ராம்ப் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சார், வாங்க" என்றார்கள். இருந்தது உண்மைதான். ஆனால் அது பைக் ஏற்றுவதற்குப் போட்ட செங்குத்தான சிமெண்ட் சரிவு.

இருக்கிறதா என்று மட்டும் கேட்டதுதான் என் முதல் தவறு. அளவைக் கேளுங்கள். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் தெருவிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியவை. வாசல் 3 அடி உயரம் என்றால் 36 அடி நீளம் தேவை. அதற்கு இடம் ஏது? அதைத் தாண்டினாலும் நிலைப்படிகள் இருக்கின்றன. முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது உள்முற்றப் பகுதிக்குள், போகவும் படி இருக்கலாம். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை என்பதால், பின்வாசலில் எத்தனை படி என்றும் கேளுங்கள்.

அடுத்தது குளியலறை. பயணமே கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே சுமார் 25 அங்குலம். இரண்டரை அடிக் கதவு என்பார்கள். நிலைச்சட்டமும் கதவின் கனமும் போனால் நாற்காலி நுழையாது. கதவைத் திறந்து வைத்து, டேப்பைக் குறுக்கே பிடித்து ஒரு படம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சென்னையிலிருந்து போகப் பல்லவன் ரயில் வசதி. காரைக்குடிதான் கடைசி நிறுத்தம், அதனால் அவசரமில்லாமல் இறங்கலாம். ஸ்டேஷனில் டாக்ஸி பிடிக்கும்போது சிஎன்ஜி வண்டியா என்று கேட்டுவிடுங்கள். டிக்கியில் சிலிண்டர் இருந்தால் மடக்கிய நாற்காலிக்கு இடமிருக்காது.

அப்புறம், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். திருமயம் கோட்டை பாறையும் படியுமாக இருக்கும், அதை விட்டுவிடலாம். கானாடுகாத்தானில் தெருவிலிருந்தே அண்ணாந்து வீடுகளின் சுதை வேலைகளைப் பார்க்கலாம். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் கொட்டகை ஒன்றின் வாசலருகே அம்மாவை உட்கார வைத்தோம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றிப் பூப்பூவாக நிரப்பினார்கள். அடுத்துப் போக வேண்டிய இரண்டு இடங்களை ரத்து செய்துவிட்டு, அம்மா போதும் என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தோம்.