குரோனோகிராஃப் காட்டும் வேகம் எங்கே தவறுகிறது?

துப்பாக்கிக் குண்டின் வேகத்தைக் காட்டும் கருவிதான் குரோனோகிராஃப். ஆனால் அது அளப்பது வேகத்தை அல்ல, நேரத்தை. பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டு) நிழல் முதல் ஒளி உணரியில் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரண்டாவதில் விழுந்ததும் நிற்கிறது. உணரிகளுக்கு இடையே 30 செ.மீ. என்றால், நொடிக்கு 175 மீட்டர் போகும் ஏர் ரைஃபிள் பெல்லட் அதை 1.7 மில்லி நொடியில் கடந்துவிடும். தூரம் சரி என்று நம்பித்தான் கருவி கணக்குப் போடுகிறது. மடக்கு வகைக் கருவியை முழுவதும் விரிக்காமல் 3 மி.மீ. குறைந்துவிட்டால், வேகம் 1 சதவீதம் கூடுதலாகத் தெரியும். பெல்லட் சற்றுச் சாய்வாகப் போனால்கூட இவ்வளவு கெடாது: 30 செ.மீ.க்கு 3 செ.மீ. ஏறினாலும் பிழை அரை சதவீதம்தான். ஆகவே முதலில் கீலைப் பாருங்கள்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் 10 மீட்டர் பயிற்சிக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் நேர்கோட்டில் நிற்கும். பக்கத்துக் கதவுகளையெல்லாம் தாழிட்டு, இலக்குக்குப் பின்னால் உறுதியான தடுப்பு வைத்த பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும். இதில் சமரசமே கூடாது. அங்கே கருவியை வளவின் (வீட்டின் நடுப்பகுதி) திறந்த முற்றத்து விளிம்பில் வைப்பதுதான் பெரும் தவறு. ஓர் உணரி வெயிலில், மற்றொன்று பட்டாலை (கூரையுள்ள கூடம்) நிழலில். வெயில் பட்ட உணரிக்குப் பெல்லட்டின் மெல்லிய நிழல் சரியாகத் தெரியாது. தாமதமாக விழித்துக்கொள்ளும், அல்லது விழிக்கவே விழிக்காது. அரை மணி கழித்து வெயில் நகர்ந்தால் எண்ணும் நகர்ந்திருக்கும். கருவி முழுவதையும் நிழலுக்குள் இழுத்து, மேலே ஒளியைச் சீராகப் பரப்பும் வெள்ளைத் தடுப்பைப் பொருத்துங்கள். டியூப்லைட் வேண்டாம்: நம் மின்சாரத்தில் பழைய வகை டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும், அந்தத் துடிப்பையே உணரி பெல்லட் என்று எண்ணிவிடும். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் அப்படித்தான். பேட்டரியில் எரியும் விளக்கு பெரும்பாலும் நல்லது.

வெடிமருந்துத் தோட்டா சுடும் ரைஃபிள் என்றால், உரிமம் பெற்ற ரேஞ்சில் குழல் முனையிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி வையுங்கள். நெருக்கமாக வைத்தால் முனையிலிருந்து பீறிடும் வாயுவும் எரியாத மருந்துத் துகளும் முதல் உணரியை முந்திக்கொண்டு தட்டிவிடும். தள்ளி வைத்த தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இரண்டு நாள் அளவுகளை ஒப்பிடுவது வீண்.

வெப்பத்தைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. கார்பன் டை ஆக்சைடு உருளையில் இயங்கும் துப்பாக்கியில் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார் (அழுத்த அலகு); 30 டிகிரியில் 72. மே மாதச் செட்டிநாட்டு மதியத்தில் எடுத்த எண்ணை மார்கழிக் காலையின் எண்ணோடு வைத்துப் பார்த்து, துப்பாக்கி பழுது என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் உருளை குளிர்ந்து வேகம் இறங்கும் என்பதும் இதே கணக்குதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த தோட்டாக்களும் இயல்பான வேகத்தைக் காட்டாது.

மூன்று குண்டு சுட்டுவிட்டுச் சராசரி சொல்வதையும் நிறுத்த வேண்டும். குறைந்தது பத்து குண்டாவது சுடுங்கள். பிடிக்காத எண்ணை, காரணம் தெரியாமல் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், வேகத்தில் 3 சதவீதப் பிழை ஆற்றலில் 6 சதவீதமாகிவிடும். 2016 ஆயுத விதிகள் ஏர் ரைஃபிளுக்கு 20 ஜூல் என்ற அளவைப் பேசுகின்றன, 0.53 கிராம் பெல்லட்டுக்கு அது நொடிக்குச் சுமார் 275 மீட்டர். அந்த எல்லையை ஒட்டி நிற்கும் துப்பாக்கி வைத்திருப்பவர், பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பாமல் பெல்லட்டைத் தராசில் நிறுத்தே கணக்கிட வேண்டும்.