அப்பா குடிக்கிற வீட்டில் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது

குடும்பத்தில் குடி இருந்தால் பிள்ளைக்கு 13, 14 வயது ஆகும்போதே பேச்சை எடுத்துவிடுங்கள், காலேஜ் சேரட்டும் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் எவனாவது ஒரு நண்பன் முந்திக்கொள்வான்.

முதலில் யார் யாருக்குக் குடி இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள், அம்மா வழியையும் சேர்த்து. ஊருக்கு 'மஞ்சள் காமாலை' என்று சொல்லி முடித்த பெரியப்பா குடித்துக் கல்லீரல் கெட்டுத்தான் போனார் என்றால் அதையே எழுதுங்கள். பிறகு, சர்க்கரை வியாதி நம் குடும்பத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்களோ அதே குரலில் சொல்லுங்கள். குடி அடிமை ஆவதில் ஏறக்குறைய பாதிப் பங்குதான் மரபணுவுக்கு. 'நீயும் உங்கப்பன் மாதிரிதான் ஆவே' என்று மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது.

மூளை விஷயத்தையும் சொல்லலாம், இந்த வயசுப் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்பார்கள். 1984-இல் நியூயார்க்கில் மூளை ஆய்வாளர் ஹென்றி பெக்லைட்டரின் குழு, குடி அடிமைகளின் மகன்கள், 7 முதல் 13 வயது வரை, மதுவையே தொடாத சிறுவர்கள், இவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தது. ஒரு விஷயத்தை மூளை கவனிக்கும்போது எழும் பி300 என்ற அலை, மற்றப் பையன்களைவிடச் சிறியதாக இருந்தது. அதாவது வித்தியாசம் குடிக்கு முன்னாலேயே இருக்கிறது. ஆசையை அடக்கி நிறுத்துகிற முன்மூளை முதிர எப்படியும் 25 வயதை ஒட்டி ஆகிவிடும், அதனால் தொடங்குவதை எவ்வளவு தள்ளிப்போடுகிறானோ அவ்வளவு லாபம். (இதற்காக ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீர்கள். இதெல்லாம் கூட்டத்தின் சராசரி, உங்கள் பிள்ளை ஒருவனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.)

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்லுங்கள். கல்யாண வீட்டு மொட்டைமாடியில் 'நாலு ரவுண்டு போனாலும் ஸ்டெடியா நிப்பான்' என்று பெருமை பேசுவார்களே, அதுதான் ஆபத்தான அடையாளம். போதை சீக்கிரம் ஏறாதவர்கள்தான் பின்னாளில் அதிகம் சிக்குகிறார்கள்.

பேசுகிற நேரம் முக்கியம். ராத்திரி அப்பா தள்ளாடி வரும்போது வேண்டாம், ஞாயிறு காலையில், வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது, முகம் பார்க்காமல் பேசினால் அவனும் நாலு வார்த்தை பேசுவான். அப்புறம், டாஸ்மாக் பக்கம் சைடு டிஷ் வாங்கக்கூட அவனை அனுப்பாதீர்கள்.

அப்பா இன்னும் குடிக்கிறார் என்றால் 'இன்னைக்கே நிறுத்து' என்று பாட்டிலை உடைக்க வேண்டாம், தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ, குடியை நிறுத்த சிகிச்சை தரும் அடையாறு டி.டி.கே. மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். பையனிடம் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கொடுத்துவையுங்கள், இலவசம், தமிழில் பேசலாம், உங்களுக்குத் தெரியாமலேயே அவன் கூப்பிட்டாலும் பரவாயில்லை.