ரொறன்ரோவில் கார் இல்லாமல் குடியேற ஏற்ற தெருக்கள்: வாடகைக்கு முன் எப்படிப் பார்ப்பது

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருகிற தமிழ்க் குடும்பத்துக்கு உறவினர் சொல்லும் முதல் இடம் ஸ்காபரோ. கோயில், மரக்கறிக் கடை, தமிழ் பேசும் மருத்துவர் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் பெரும்பாலான தெருக்களில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது சிரமம். பிள்ளையைப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் நடத்தியே கூட்டிப்போக வேண்டும், பக்கத்தில் ஓவியக்கூடமும் பழைய திரையரங்கும் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் பழைய நகரத்துக்குள்தான் தேட வேண்டும். ரொன்செஸ்வால்ஸ், டஃபரின் குரோவ், லெஸ்லிவில், செயின்ட் கிளேர் மேற்கை ஒட்டிய விச்வுட் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். கென்சிங்டன் மார்க்கெட்டை எல்லோரும் காட்டுவார்கள். பகலில் சுற்ற அருமையான இடம், இரவு எட்டு மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைக்க அல்ல.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் குடியேறுமுன் நவம்பரிலோ மார்ச்சிலோ பத்து நாள் வந்து தங்கிப் பாருங்கள். அந்தப் பத்து நாட்களை இரண்டாகப் பிரித்து, நகரின் மேற்கில் ஐந்து இரவு, கிழக்கில் ஐந்து இரவு தங்குங்கள். 28 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடும் வீடுகள் நகரசபையில் பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

தங்கும் ஐந்து நாளில் ஒன்றை, செவ்வாயோ புதனோ, முழு ஒத்திகையாக வையுங்கள். காலை எட்டேகாலுக்குத் தள்ளுவண்டிலோடு புறப்பட்டு, நீங்கள் கண் வைத்திருக்கும் பள்ளி வாசல்வரை நடந்து பாருங்கள். நாலு வயதுப் பிள்ளையின் நடையில் எத்தனை நிமிடம், எத்தனை பெருந்தெருக்களைக் கடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். ரொறன்ரோ பொதுப் பள்ளி வாரியத்தின் பஸ், ஐந்தாம் வகுப்புவரையான பிள்ளைகளுக்கு வீடு 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான். அதற்கு உட்பட்டால் பனியிலும் நடைதான். பிறகு அங்கிருந்து வேலைக்குப் போகும் வழியில் நகரப் போக்குவரத்தான டி.டி.சி.யில் ஏறுங்கள். 12 வயதுவரையான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தொட்டால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறையும் மாறி ஏறலாம். சப்வே நிலையத்தில் மின்தூக்கி உண்டா, அன்று அது வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். வண்டிலும் சாமான் பையுமாக ஒருமுறை படியேறினால் போதும், அந்த நிலையத்துப் பக்கம் வீடே பார்க்க மாட்டீர்கள்.

பள்ளி விஷயத்தில் பலர் இடறுவது ஒரே இடத்தில். பேட்டைப் பெயரைப் பார்த்து வீடு எடுக்கிறார்கள், ஆனால் பள்ளியைத் தீர்மானிப்பது வீட்டு எண். தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளிக்கும் எதிர்ப்பக்கம் வேறொன்றுக்கும் போகலாம். வாரியத்தின் இணையதளத்தில் முழு முகவரியையும் இட்டுத் தேடுங்கள். கொண்டோ எனப்படும் புது அடுக்குமாடி வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். அருகிலுள்ள பள்ளியில் இடம் இல்லாததால் இக்கட்டடத்துப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு அனுப்பப்படலாம் என்று வாரியமே சில கட்டட வாசல்களில் பலகை வைக்கிறது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் நாலு வயது நிரம்பும் பிள்ளை இளநிலைப் பாலர் வகுப்பில் சேரலாம். சேர்க்க முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, குடிவரவு ஆவணம் வேண்டும்.

இனி ஊர்கள். ரொன்செஸ்வால்ஸ் போலந்துக்காரர் வளர்த்த தெரு. பேக்கரிகளும் சமூகம் நடத்தும் பழைய ரெவ்யூ திரையரங்கும் இருக்கின்றன, மேற்கே சில நிமிட நடையில் ஹை பார்க். தெருவில் ஓடும் டிராமான 504 ஸ்ட்ரீட்கார் வடக்கே டண்டாஸ் வெஸ்ட் சப்வேயில் கொண்டுபோய் விடும், விமான நிலைய ரயிலும் அதன் பக்கத்தில்தான். குறை ஒன்றே: ஸ்காபரோ உறவினர் வீடு நகரின் மறு அந்தத்தில். டஃபரின் குரோவில் பூங்காவே ஊரின் முற்றம், விறகு அடுப்பில் ரொட்டி சுடுவார்கள், வியாழன் மாலை உழவர் சந்தை கூடும்.

விச்வுட்டில் பழைய ஸ்ட்ரீட்கார் பணிமனை 2008இல் கலைஞர் கூடமாக மாறியது, சனிக்கிழமை சந்தையும் அங்கே நடக்கிறது. ஆனால் வாடகை குறைவென்று தெற்கே டேவன்போர்ட் வீதிக்குக் கீழே வீடு எடுத்தால், ஆதி ஏரியின் கரையாக இருந்த மேட்டில் தினமும் வண்டில் தள்ள வேண்டிவரும். வரைபடத்தில் மேடு தெரியாது, நடந்து பார்த்தால்தான் தெரியும்.

லெஸ்லிவில் எங்கள் கணக்கில் தமிழ்க் குடும்பத்துக்கு நடுநிலையான தெரிவு. ஜெரார்ட் இந்தியக் கடைத்தெரு நடைதூரத்தில், காக்ஸ்வெல் சப்வேயிலிருந்து ஸ்காபரோவின் கென்னடி நிலையத்துக்கு நேர் ரயில். சிக்கல், ஒன்றாரியோ லைன் என்ற புது சப்வே தடத்தின் கட்டுமானம். ரயில் தடத்தை ஒட்டிய தெருக்களில் வாடகை மலிவாக இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அங்கே ஒரு வேலைநாள் காலையில் அரை மணி நேரம் நின்று கேளுங்கள். குயின் தெருவில் 301 ஸ்ட்ரீட்கார் இரவுமுழுதும் ஓடும், தெருப்பக்கம் படுக்கையறை வேண்டாம்.

இந்தப் பகுதிகளில் கிடைப்பவை பெரும்பாலும் பழைய வீட்டின் ஒரு மாடி. படியின் அகலத்தையும் தள்ளுவண்டில் வைக்க கீழே இடம் உண்டா என்பதையும் பாருங்கள். துணி துவைக்கும் இயந்திரம் எங்கே என்று கேளுங்கள். 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடென்றால் தண்ணீர்க் குழாய் ஈயமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் ஈயத்தை நீக்கச் சான்றுபெற்ற வடிகட்டி அவசியம்.

வாடகை ஒப்பந்தம் ஒன்றாரியோ மாகாணத்தின் நிலையான படிவத்தில்தான் இருக்க வேண்டும். முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகையும் சாவிக்கான அசல் செலவும் மட்டுமே. கனடாவில் கடன் வரலாறு இல்லாதவரிடம் சில வீட்டுக்காரர்கள் ஆறு மாத, ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள், அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறிய கட்டடங்களுக்கு வாடகை உயர்வு வரம்பு கிடையாது. பளபளக்கும் புதுக் கொண்டோவில் இரண்டாம் ஆண்டு எவ்வளவும் ஏறலாம். உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு மின்பரிமாற்றத்தில் ஒரு டொலரும் அனுப்ப வேண்டாம்.

பிள்ளைகள் காப்பகத்துக்கு மட்டும் வருமுன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதியக் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். அரசுத் திட்டத்தில் சேர்ந்த காப்பகங்களில் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் இல்லை. அதனால்தான் வரிசை நீளம். நீங்கள் பார்க்கும் நாலு பகுதிகளிலும் பெயர் கொடுங்கள், இடம் எங்கே முதலில் கிடைக்கிறதோ அது வீட்டுத் தெரிவையே மாற்றிவிடும்.