குட்டியானை பின் டோர்ல கையாலேயே எழுதுறது எப்படி?

ஆயுத பூஜை வந்துச்சுன்னா எங்க பெங்களூரு யஷ்வந்த்பூர் யார்டுல ஒரு வண்டி பாக்கி இல்லாம கழுவி பெயின்ட் அடிச்சு ஜோடிப்பாங்க. ஜப்பான்ல டெக்கோடோரான்னு லாரி ஃபுல்லா லைட்டும் க்ரோமுமா மாட்டுவாங்க, நம்மாளுங்களுக்கு ப்ரஷ்ஷும் எனாமலும்தான், நாமக்கல்ல பாடி கட்டி வர்ற லாரிங்க பின்னாடி எழுத்த பாத்தாலே போதும். ரேடியம் ஸ்டிக்கர் ஈஸிதான், ஆனா கையால எழுதுனதுல இருக்கற உயிர் அதுல வரவே வராது. மாமாவோட குட்டியானைல, அதான் டாடா ஏஸ் வண்டில, "முருகன் துணை" எழுதுனத அப்டியே சொல்றேன்.

முதல்ல டோர சோப்பு போட்டு கழுவி காய விட்டு 320 நம்பர் எமரி பேப்பர்ல தேய்ங்க. துரு இருக்கற இடத்துல ரெட் ஆக்ஸைடு ப்ரைமர் அடிங்க. அது காய்ஞ்சதும் மஞ்சள் எனாமல் மெலிசா ரெண்டு கோட், முதல் கோட் காய்ஞ்ச அப்புறம்தான் அடுத்தது. ஒவ்வொரு கோட்டையும் காலைலயே அடிச்சு முடிச்சிருங்க, நம்மூர்ல சாயங்காலம் மழை புடிச்சா பளபளப்பே போயிரும். ஒரு நாள் முழுசா காயட்டும்.

அடுத்து நூல் அடிக்கணும். நூல்ல சாக்பீஸ் பொடிய தடவி ஒரு முனைய நான் புடிக்க, இன்னொன்ன அத்தை புடிக்க, நடுவுல இழுத்து விட்டா டப்புனு வெள்ளைக் கோடு விழும். ரெண்டு கோடு போதாதுங்க, ன் புள்ளிக்கு மேலயும் மு, ரு, து-வுக்கு கீழயும் இடம் விடணும்.

சாக்பீஸ்ல எழுதிப் பாக்காம ப்ரஷ்ஷ தொடாதீங்க. நான் இடது ஓரத்துலருந்து நேரா பெயின்ட்லயே ஆரம்பிச்சேன், கடைசில ணை-க்கு இடமே இல்ல. ணை ரெண்டு எழுத்து அளவு இடம் புடிக்கும், அதனால நடுவுலருந்து ரெண்டு பக்கமும் அளந்து வைங்க. தப்பாயிட்டா பெயின்ட் ஈரமா இருக்கறப்பவே துணில கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு துடைச்சா வந்துரும், லாக்கர் பெயின்ட்டுக்கு கலக்கற என்.சி. தின்னர் மட்டும் வேண்டாம், அடி மஞ்சளையே தூக்கிரும்.

சிவப்புல தட்டை ப்ரஷ்ஷால எழுதுங்க, மணிக்கட்டு நடுங்காம இருக்க ஒரு குச்சிய டோர்ல சாத்தி அது மேல கைய வைங்க. மறுநாள் கருப்பு ஷேடு, எல்லா எழுத்துக்கும் வலது பக்கமும் அடிப்பக்கமும் மட்டும், சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல நூல் அளவு மஞ்சள் தெரியணும், அந்த இடைவெளிலதான் எழுத்து டோர விட்டு எழுந்து நிக்கும்!

நம்பர் ப்ளேட், லைட், பின்னாடி இருக்கற சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் மேல ஒரு சொட்டு கூட படக்கூடாது, ராத்திரி பின்னாடி வர்றவனுக்கு அதுதான் கண்ணு. ரெண்டு நாள் லோடு ஏத்தாதீங்க, தார்பாய் கயிறு உரசினா எழுத்து பேந்துரும்.