பந்தயக் கணக்கில் பணம் போட்டால் புள்ளி சேருமா?

நியூ ஜெர்சியில் இணையச் சூதாட்டம் 2013 முதல் சட்டப்படி நடக்கிறது. என் பந்தயக் கணக்கில் கிரெடிட் கார்டு மூலம் 200 டாலர் போட்டேன். வெகுமதிப் புள்ளி ஒன்றுகூட வரவில்லை. பதிலாக, ‘ரொக்க முன்பணம்’ என்ற பெயரில் 10 டாலர் கட்டணமும், பணம் போட்ட நாளிலிருந்தே வட்டியும் வந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

காரணம் 7995. வணிகர்களை வகைபிரிக்கும் குறியீடுகளில் இது சூதாட்டத்துக்கு உரியது. இதைக் கண்டால் பல வங்கிகள் அந்தச் செலவை ஏ.டி.எம்.மில் எடுத்த பணமாகவே எண்ணுகின்றன. ரொக்கத்துக்குப் புள்ளியும் கிடையாது, வட்டியில்லா அவகாசமும் கிடையாது.

பில் வரும்வரை காத்திராமல் தொகையை உடனே கட்டினேன். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டும் பணம் அதிக வட்டியுள்ள பாக்கிக்கே முதலில் போக வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது, அது கைகொடுத்தது. பிறகு வங்கியை அழைத்தேன். கட்டணத்தைச் சலுகையாகத் திருப்பித் தந்தார்கள். புள்ளி விஷயத்தில் மட்டும் அசையவில்லை. விதிமுறையில் எழுதியிருப்பதால் அதில் வாதாடிப் பயனும் இல்லை.

உண்மையான தீர்வு அதே அழைப்பில்தான் கிடைத்தது. ரொக்க முன்பண வரம்பைப் பூஜ்யமாக்கச் சொன்னேன். இனி அத்தகைய பரிவர்த்தனை வந்தால் கார்டு அதை மறுத்துவிடும். இப்போது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகவே பணம் போடுகிறேன். புள்ளிகளை மளிகைச் செலவு பார்த்துக்கொள்கிறது.