பாரிஸ்ல ஷாப்பிங்: எத வாங்க எங்க போகணும்

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ஷான்ஸெலிஸேல ஆரம்பிக்காதீங்க. பாரிஸ் வர்ற நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேர் முதல் நாளே அங்கதான் போறாங்க, கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் ரோடு, ஒரு பக்கமா ஏறி மறுபக்கமா இறங்குறதுக்குள்ள கால் வீங்கிடும், கடைசில கைல பாத்தா நம்மூர் மால்லயே கிடைக்கிற பிராண்ட் பைதான் தொங்கும். ரோடு அழகு, அதுல சந்தேகமே இல்ல, சாயங்காலமா நடங்க, 68ஆம் நம்பர்ல கெர்லான் கடை இருக்கு, 1914லேருந்து அங்கயேதான், உள்ள போய் சென்ட் மோந்து பாத்துட்டு வாங்க. ஆனா வாங்குறதுக்கு வேற இடம் இருக்கு.

நான் பாண்டிச்சேரிலேருந்து இங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் சித்தியோ அத்தையோ யாராவது ஒரு லிஸ்ட்டோட வந்து இறங்குவாங்க, அவங்கள கூட்டிட்டு அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டது இதுதான்: என்ன வாங்கணும்னு முதல்ல எழுதிக்கோங்க, அப்புறம் ஏரியாவ முடிவு பண்ணுங்க. சென்னை பாரிமுனைல தெருவுக்கு ஒரு சாமான்னு இருக்குல்ல, பாரிஸும் அப்படித்தான், துணிக்கு ஒரு இடம், பழைய சாமானுக்கு ஒரு இடம், நகைக்கு ஒரு இடம். எல்லாத்தையும் ஒரே இடத்துல தேடினா காசும் போகும் நேரமும் போகும்.

அடுத்தது போன்ஜூர், அதாவது வணக்கம். எந்தக் கடைக்குள்ள கால் வச்சாலும் அங்க நிக்கிறவங்க முகத்தப் பாத்து "போன்ஜூர்" சொல்லுங்க, வெளிய வரும்போது "மெர்சி, ஓ ரெவ்வார்" (நன்றி, போய்ட்டு வர்றேன்) சொல்லுங்க, எதுவும் வாங்கலன்னாலும் சொல்லுங்க. சொல்லாம நேரா போய் துணிய எடுத்து விரிச்சா அது இங்க பெரிய மரியாதக்குறைவு, வீட்டுக்குள்ள கூப்பிடாம நுழைஞ்ச மாதிரி. "பாரிஸ்காரங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாங்க"ன்னு சொல்றவங்க நிறைய பேர் இந்த ஒரு வார்த்தைய சொல்லாம போனவங்கதான், நான் கூட இருந்தே பாத்திருக்கேன், சொன்னதும் அதே ஆள் எழுந்து வந்து சைஸ் எடுத்துக் குடுப்பாரு.

எப்ப வரணும்னு கேட்டா, சோல்த் நேரத்துல வாங்க. சோல்த்னா தள்ளுபடி சீசன், கடைக்காரர் இஷ்டத்துக்கு வைக்கிறது இல்ல, சட்டப்படி வருஷத்துக்கு ரெண்டே தடவைதான், ஒவ்வொண்ணும் நாலு வாரம். குளிர்காலத்தோடது பொதுவா ஜனவரி ரெண்டாவது புதன்கிழமை ஆரம்பிக்கும், கோடையோடது ஜூன் கடைசி புதன். இந்த நாலு வாரத்துல மட்டும்தான் அசலுக்கும் கீழ விக்க கடைக்காரங்களுக்கு அனுமதி, அதனால விலை நெஜமாவே இறங்கும். முதல் வாரம் சைஸ் எல்லாம் இருக்கும், தள்ளுபடி கம்மி, ரெண்டாவது மூணாவது வாரத்துல இன்னும் குறைப்பாங்க ஆனா உங்க சைஸ் போயிருக்கும். மனசுக்குப் புடிச்ச ஒரு கோட்டு இருந்தா முதல் நாளே எடுத்துடுங்க, சும்மா பாக்கலாம்னா மூணாவது வாரம் போதும். ஆகஸ்ட்ல வர்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, சின்னக் கடைங்க நிறைய ஷட்டர் போட்டுட்டு லீவுக்குப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமையும் பல தெரு மூடித்தான் இருக்கும், மாரே, ஓஸ்மான், ஷான்ஸெலிஸே மாதிரி டூரிஸ்ட் ஏரியாதான் திறந்திருக்கும்.

ஒரே கட்டடத்துல எல்லாம் பாக்கணும்னா ஓஸ்மான் பூல்வார்ங்கிற ரோட்டுக்குப் போங்க. கேலரி லஃபாயெத், ப்ராந்தான்னு ரெண்டு பெரிய பல மாடிக் கடை பக்கத்துப் பக்கத்துல. கேலரி லஃபாயெத்ல அந்தக் கண்ணாடி குவிமாடம் 1912ல கட்டினது, அண்ணாந்து பாத்தா ஒரு நிமிஷம் ஷாப்பிங்கே மறந்துடும், மேல மொட்டை மாடிக்கும் ஃப்ரீயா விடுறாங்க, ஈஃபில் டவர், ஓப்பரா கூரை எல்லாம் தெரியும். கீழ சென்ட், மேக்கப், ஹேண்ட்பேக் தளம் எப்பவும் திருவிழாக் கூட்டம்தான், காலைல திறந்த ஒடனே போங்க. அந்த நெரிசல் வேணாம், நிதானமா பாக்கணும்னா செவ்ர் பாபிலோன் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி லெ பொன் மார்ஷே போங்க. பேரம் பேசாம விலைய எழுதி ஒட்டி விக்கிற பழக்கத்த பரப்புனதுல இந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு, 1852லேருந்து அரிஸ்தித் பூசிக்கோன்னு ஒருத்தர் வளத்தது. விலை அதிகம்தான், ஆனா ஒட்டினாப்புல லா க்ராந்த் எபிசெரின்னு ஒரு உணவுக் கடை வச்சிருக்காங்க, அங்க பத்து யூரோக்குள்ளயே ஊருக்குக் குடுக்க நல்ல கடுகு பேஸ்ட், ஜாம், சாக்லேட் கிடைக்கும். கடுகும் ஜாமும் ஹேண்ட் லக்கேஜ்ல விடமாட்டாங்க, பெட்டிக்குள்ள போட்டுடுங்க. சமாரித்தேன்னு இன்னொரு பெரிய கடை, 16 வருஷம் மூடிக் கிடந்து 2021ல திறந்தாங்க, அங்க நான் கட்டடத்தப் பாக்கத்தான் கூட்டிட்டுப் போவேன், மேல் தளத்துல மயில் ஓவியம் சுத்தி வரும், அத விட்டுடாதீங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடத்துக்கு வர்றேன். மொன்மார்த்ர் மேல இருக்குற வெள்ளை சர்ச்சப் பாக்க எல்லாரும் போவீங்க, அதுக்கு அடிவாரத்துல மார்ஷே சான் பியேர்னு துணிக்கடைத் தெரு இருக்கு, ஆன்வேர் ஸ்டேஷன்ல இறங்கி அஞ்சு நிமிஷ நடை. பெருசா நிக்கிறது த்ரேஃபுஸ் கடை, மாடி மாடியா துணிதான், கீழ சீப்பான காட்டன், மேல போகப் போக பட்டு, வெல்வெட், திரைச்சீலைத் துணி. ஒவ்வொரு மேசைகிட்டயும் ஒரு ஆள் கைல மரத்துல செஞ்ச மீட்டர் கோலும் பெரிய கத்திரியும் வச்சுக்கிட்டு நிப்பாரு, நீங்க எவ்வளவுன்னு சொன்னா சர்ருனு அளந்து ஒரே வெட்டு, ஒரு சீட்டு எழுதித் தருவாரு, அத எடுத்துட்டுப் போய் காசு கட்டிட்டு வந்து துணிய வாங்கிக்கணும். எங்க அம்மா முதல் தடவ இதப் பாத்துட்டு "நம்ம ஜவுளிக்கடை மாதிரியே இருக்கேடி"ன்னு அங்கயே ஒரு ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. சுத்தி இருக்குற சின்னக் கடைங்கள்ல "கூப்போன்"னு கேளுங்க, பெரும்பாலும் மூணு மீட்டரா வெட்டி வச்ச துண்டு, பெரிய டிசைனர் கம்பெனிங்கள்ல மிஞ்சின துணி கூட சில கடைல வரும். மூணு மீட்டர்ல ஒரு சுடிதார் தச்சுடலாம், ரெண்டு மூணு ரவிக்கை வரும். அம்மா எடுத்தது கருநீலத்துல லேஸ் துணி, பாண்டில டெய்லர்கிட்ட குடுத்து தங்கச்சி கல்யாணத்துக்கு ரவிக்கை தச்சாங்க, இன்னும் புதுசு மாதிரி இருக்கு. அங்க ஞாயிறு லீவு, மத்த நாள் காலைல போங்க. சர்ச் படிக்கட்டுகிட்ட கையப் புடிச்சு கலர் நூல் கட்டிட்டு காசு கேப்பாங்க, கைய பாக்கெட்ல வச்சுக்கிட்டு நிக்காம நடங்க.

சின்னச் சின்ன பிராண்ட், கொஞ்சம் வித்தியாசமான டிரஸ் வேணும்னா மாரே ஏரியா. ஃப்ரான்க் பூர்ஜ்வா தெருல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் கிளை பிரியுற சந்துக்குள்ள நுழைங்க, ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். பழைய துணி விக்கிற ஃப்ரிப்பரி கடைங்க இங்க நிறைய, யாரோ போட்டதான்னு முகம் சுளிக்காதீங்க, பாரிஸ் பொண்ணுங்க ஸ்டைலோட பாதி ரகசியம் இங்கதான் இருக்கு. வெர்ரி தெருல கிலோ ஷாப்னு ஒரு கடை, பேருக்கேத்த மாதிரி எடைக்கு விலை, துணில மாட்டின பில்லை என்ன கலரோ அதுக்கு ஒரு கிலோ ரேட்டு, கடைக்குள்ளயே தராசு இருக்கும், வச்சுப் பாத்துட்டு எடுங்க. லெதர் ஜாக்கெட் கனமா இருக்கும் அதனால விலை ஏறும், பட்டு சட்டை, ஸ்கார்ஃப் மாதிரி லேசான துணிதான் அங்க லாபம்.

சனி, ஞாயிறு, திங்கள், இந்த மூணு நாள்ல ஒரு நாள் இங்க இருந்தீங்கன்னா சாந்துவான் பழைய சாமான் சந்தைய விட்டுடாதீங்க. 4ஆம் நம்பர் மெட்ரோ, போர்த் த க்ளிஞான்கூர் ஸ்டேஷன். வெளிய வந்ததும் ரோட்டோரமா ஷூ, பெல்ட், டீஷர்ட், "பிராண்ட் பிராண்ட்"னு காதுக்குள்ள சொல்லிட்டு ஆளுங்க வருவாங்க, அது சந்தையே இல்ல, நிக்காம மேம்பாலத்துக்கு அடில புகுந்து அந்தப் பக்கம் ரோசியே தெருவுக்குப் போயிடுங்க. போலி பிராண்ட் சாமான் வாங்கறதும் வச்சிருக்கறதும் ஃப்ரான்ஸ்ல குத்தம், வாங்கினவங்களுக்கும் அபராதம் உண்டு. ரோசியே தெருவோட ரெண்டு பக்கமும் தனித்தனி மார்க்கெட்டா பிரிஞ்சு கிடக்கும். போல் பேர்த், செர்ப்பேத்ல விலை உயர்ந்த ஃபர்னிச்சர், கண்ணால பாத்தா போதும். வெர்னேசோன்தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு, குறுகலான சந்து, ஒவ்வொரு கடையும் ஒரு ரூம் அளவுதான், பொத்தான், பழைய சாவி, லேஸ், சென்ட் பாட்டில், பொம்மைனு கொட்டிக் கிடக்கும்.

பழைய போஸ்ட்கார்ட் விக்கிற கடைல ஷூ டப்பா மாதிரி பெட்டி பெட்டியா ஊர்வாரியா அடுக்கி வச்சிருப்பாங்க, பாண்டிக்காரங்க "பொந்திஷேரி"னு கேட்டுப் பாருங்க. நான் ஒரு தடவ கேட்டேன், கடைக்காரர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு பெட்டிய இழுத்து நாலு கார்டு எடுத்து வச்சாரு, ஒண்ணுல நம்ம பழைய கடல் பாலம், பின்னாடி ப்ரவுன் மைல யாரோ யாருக்கோ வெயில் தாங்கலைன்னு எழுதியிருந்தாங்க. எட்டு யூரோ குடுத்து வாங்கினேன், இப்ப எங்க வீட்டுக் கூடத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு. பேரம் பேசலாம், ஆனா நம்மூர் மாதிரி பாதி விலைக்குக் கேக்கக் கூடாது, "வு புவே ஃபேர் அன் பெத்தி ப்ரி?" (விலைய கொஞ்சம் குறைப்பீங்களா)ன்னு சிரிச்ச முகமா கேளுங்க, கொஞ்சம் குறைப்பாங்க. பணமா கைல வச்சிருங்க.

முகத்துக்குப் போடுற க்ரீம், பயோடெர்மா, அவேன், லா ரோஷ் போசே இதெல்லாம் ஏர்போர்ட்ல வாங்காதீங்க. சான் ஜெர்மான் பக்கம் ஃபூர் தெருல சிட்டிஃபார்மான்னு ஒரு மருந்துக்கடை, நம்மூர்ல குடுக்குற விலையவிட நல்ல வித்தியாசம் இருக்கும். மத்தியானத்துக்கு மேல உள்ள நகரவே முடியாது, காலைல போங்க, லிஸ்ட்ட ஃபோன்ல படமா வச்சுக்காட்டுங்க.

புடவை, தங்கம், மஞ்சள் கயிறு, இடியாப்ப மாவு வேணும்னா கார் துய் நோர் ஸ்டேஷனுக்கு மேல லா ஷப்பேல். ஃபோபூர் சான் தெனி தெருல வரிசையா நம்ம தமிழ்க் கடைங்கதான், இலங்கைத் தமிழர்கள் உழைச்சு உருவாக்கின இடம். ஊர்லேருந்து வர்றவங்களுக்கு வாங்க ஒண்ணும் இருக்காது, ஆனா நாள் பூரா அலைஞ்ச கால்ல அங்க போய் ஒரு கொத்து ரொட்டியும் டீயும் சாப்பிடுங்க.

பொருள மாத்துறது பத்தி ஒண்ணு. கடைல நேர்ல வாங்கினத புடிக்கலன்னு திருப்பிக் குடுக்குறது இங்க சட்டப்படி உங்க உரிமை இல்ல, கடை அனுமதிச்சாதான். எங்க சித்தி சோல்த்ல ஒரு கடைல பூட்ஸ் வாங்கினாங்க, 39தான் வேணும், அவசரத்துல 38 எடுத்துட்டாங்க, மறுநாளே போனோம், மாத்த முடியாதுன்னுட்டாங்க, பில்லோட அடில சின்ன எழுத்துல போட்டிருக்கு, நாங்க பாக்கல. அதனால நம்மூர் செருப்பு சைஸ் 6னா இங்க சுமாரா 39னு ஞாபகம் வச்சு, ரெண்டு காலும் போட்டு நாலடி நடந்து பாத்துட்டு, மாத்தித் தருவீங்களான்னு கேட்டுட்டு காசு குடுங்க.

கடைசியா தெதாக்ஸ். நீங்க ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய குடியிருக்குறவங்க, 16 வயசுக்கு மேல, ஒரே கடைல மொத்தம் 100 யூரோக்கு மேல வாங்கினா வரிய திருப்பி வாங்கலாம், வரி 20%, கமிஷன் போக 12% கிட்ட கைக்கு வரும். காசு கட்டும்போதே பாஸ்போர்ட்டக் காட்டி ஃபார்ம் கேளுங்க, அப்புறம் போய் கேட்டா சிரமம். ஏர்போர்ட்ல பெட்டிய செக்-இன் பண்றதுக்கு முன்னாடி பாப்லோன்னு ஒரு மெஷின் இருக்கும், ஃபார்ம்ல இருக்குற பார்கோட காட்டுங்க, பச்சை வந்தா முடிஞ்சுது, சிவப்பு வந்தா பக்கத்துல கஸ்டம்ஸ் கவுன்ட்டருக்குப் போகணும், சாமானக் காட்டச் சொல்லுவாங்க, அதனால வாங்கினதெல்லாம் பெட்டில மேலாப்புல வைங்க. இங்கேருந்து இத்தாலி போய் அங்கேருந்து ஊருக்குப் பறக்குறீங்கன்னா இந்தக் கஸ்டம்ஸ் முத்திரைய இத்தாலிலதான் வாங்கணும், யூனியன விட்டு வெளிய போற கடைசி ஊர்லதான் அது. காசு அக்கவுன்ட்ல ஏறுற வரைக்கும் அந்தப் பேப்பர பத்திரமா வச்சிருங்க.