எல்லைப்புறப் படத்தை நேராக ஓடிடிக்கு அனுப்பும் முன்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் எடுத்த படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோகாமல் ஓடிடிக்கே கொடுப்பதென்றால், முதலில் ஒப்பந்தக் கோப்பைத் திறங்கள். கதை, பாட்டு உரிமையை எழுதி வாங்கியபோது காலம் குறிப்பிடவில்லையென்றால், பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை 5 ஆண்டாகவே எடுத்துக்கொள்ளும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உலக உரிமை கேட்கும் தளத்துக்கு விற்க அப்புறம் கையில் சரக்கு இருக்காது. திருத்தி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், படம் விலைபோவதற்கு முன்பே.

அடுத்தது ஒலி. தியேட்டர் மிக்ஸை அப்படியே அனுப்பினால், வீட்டு டிவியில் வசனம் முணுமுணுப்பாகவும் சண்டை இடியாகவும் கேட்கும். 5.1 மிக்ஸுக்கு (ஆறு தடங்களில் பிரியும் சுற்றொலி) நெட்ஃப்ளிக்ஸ் கேட்கும் அளவு: வசனத்தை வைத்து அளந்த சராசரி மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு), 2 கூடலாம் குறையலாம்; உச்சம் மைனஸ் 2 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. மொத்த ஒலியையும் ஏற்றி இறக்கி எண்ணை மட்டும் சரிக்கட்டினால் முணுமுணுப்பு அப்படியே இருக்கும். சின்ன அறையில், பக்கத்தில் வைத்துக் கேட்கும் நியர்ஃபீல்ட் ஸ்பீக்கரில் மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும். மலையாள, தெலுங்கு டப்பிங்குக்கு வசனம் நீங்கி இசையும் பிற ஒலிகளும் மட்டும் உள்ள எம் அண்ட் இ ட்ராக்கும் வேண்டும். லைவ் சவுண்டில் எடுத்த சந்தைக் காட்சியில் பேச்சை எடுத்தால் காலடி, பாத்திரச் சத்தமும் சேர்ந்தே போய்விடும். அவற்றை ஃபோலியில், அதாவது ஸ்டுடியோவில் சத்தம் எழுப்பிப் பதிந்து, புதிதாகப் போடுங்கள்.

படத்தை, தியேட்டருக்கு அனுப்பும் டிஜிட்டல் கோப்பான டிசிபியிலிருந்து திருப்பி எடுக்காதீர்கள், நிறம் கெடும். நிறம் சரிசெய்யும் கிரேடிங்கிலிருந்தே ரெக் 709 (டிவிக்கான நிறத் தரம்) மாஸ்டர் எடுங்கள். திரையில் பெயர், தலைப்பு போன்ற எழுத்தில்லாத பிரதியும் வேண்டும்.

சப்டைட்டிலில்தான் நம்ம ஊர்ப் படங்கள் மாட்டும். எல்லையிலுள்ள வாளையாறு செக்போஸ்ட்டில் கேள்வி மலையாளம், பதில் தமிழ். "வெள்ளம் வேணோ" என்று ஒருவர் தண்ணீர் வேண்டுமா எனக் கேட்க, மலையாளம் தெரியாதவர் அதைப் பெருவெள்ளம் என்று எழுதிவைப்பார். எழுதுபவருக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். மலையாள வசனங்களுக்கு மட்டும் தனியாக ஃபோர்ஸ்டு (தானாகவே திரையில் வரும்) சப்டைட்டில் கோப்பு கொடுங்கள். சப்டைட்டிலை அணைத்தவருக்கும் அது தெரியும். ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்துக்குள் நிறுத்துங்கள். விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்துக்கு 23.976 கணக்கில் நேரம் குறித்தால் மணிக்கு 3.6 விநாடி விலகும். கோப்பின் கடைசி 10 நிமிடத்தை ஓட்டிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஓடிடிக்குத் தணிக்கைச் சான்று தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று தளமே வகைப்படுத்தும். டிவிக்கும் விற்கும் எண்ணம் இருந்தால் சான்று வாங்கிவிடுவது நல்லது. கள்ளுக்கடைக் காட்சியில் பீடி புகைந்தால், 2023 செப்டம்பர் முதல் ஓடிடியிலும் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எச்சரிக்கைப் படம், புகை தெரியும் நேரமெல்லாம் திரையடியில் வாசகம். பீடி வரும் இடங்களின் டைம்கோடை (படத்தில் அவை வரும் நேரக் குறியீடு) நீங்களே பட்டியலிட்டுக் கொடுத்தால் வேலை தாமதமாகாது.